டிக்கியில் சப்வூபர் பெட்டியை அசையாமல் பூட்டுவது எப்படி? (விட்ஸ், 12 அங்குலம்)

வெள்ளவத்தை_விட்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பழைய விட்ஸ். அண்மையில் 12 அங்குல சப் (பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றும் அதை ஓட்ட மொனோ அம்ப் ஒன்றும் பூட்டினேன். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. யோசனை எல்லாம் பெட்டியைப் பற்றித்தான். 18 மி.மீ எம்டிஎப் (மரநாரை அமத்திச் செய்த) பலகையில் அடித்து, வெளியே கார்ப்பெட் ஒட்டிய பெட்டி. டிக்கிக்குள் சும்மா வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பூட்டிய இடத்தில் கேட்டதற்கு, "பாரம்தானே, அது எங்கே போகப்போகுது" என்று சொல்லிவிட்டார்கள்.

டூப்ளிகேஷன் வீதியில் இருந்து உள் ஒழுங்கைக்குத் திருப்பும்போது பின்னால் அது இழுபடுகிற சத்தம் கேட்கிறது. காலி வீதியில் பஸ் குறுக்கே விழுந்தால் எப்படிப் பிரேக் போட வேண்டி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பின் சீற்றில் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெட்டியை இறுக்கமாகப் பூட்ட வேண்டும், ஆனால் கீழே ஸ்பெயர் சில்லு இருக்கிறது, காற்றுப் போனால் எடுக்கவும் முடிய வேண்டும். என்ன வழி?

பழைய_கரோலா

பெட்டியின் அடியில் வெல்க்ரோ ஒட்டுங்கள், அதன் கொக்கிப் பக்கம் டிக்கிக் கார்ப்பெட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வளைவுகளில் அசைவதே இல்லை. ஓட்டை போடத் தேவையில்லை, காரை விற்கும்போதும் ஒரு அடையாளம் இருக்காது.

மட்டக்குளி_மரவேலை

தம்பி, முதலில் உங்கள் பெட்டியின் பாரத்தை அறிந்துகொள்ளுங்கள். நான் இந்தப் பெட்டிகள் அடிக்கிறவன். எம்டிஎப் ஒரு கன மீற்றர் சுமார் 750 கிலோ வரும். 60 × 40 × 35 சென்ரிமீற்றர் பெட்டி என்றால் பலகை மட்டும் 16 கிலோவுக்குக் கிட்ட. அதோடு 12 அங்குல சப்பின் காந்தமும் கூடையும் சேர்ந்தால் 22, 23 கிலோ நிற்கும். கிட்டத்தட்ட அரை மூட்டை சீமெந்து. அதை டிக்கியில் கட்டாமல் வைத்துக்கொண்டு பிள்ளைகளை முன்னால் இருத்தி ஓட நான் விடமாட்டேன்.

வெல்க்ரோ பெட்டி வழுக்காமல் இருக்க உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். அது பிடித்திருப்பது கார்ப்பெட்டைத்தான், காரை அல்ல. கார்ப்பெட்டோ நாலு பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கிறது.

தெஹிவளை_எஞ்சினியர்

மரவேலை அண்ணா சொன்ன பாரத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். 50 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 13.9 மீற்றர். அந்த வேகத்தில் போகும் பெட்டிக்குள் இருக்கும் சக்தி, அதே பெட்டியைச் சுமார் 10 மீற்றர் உயரத்தில் இருந்து கீழே போட்டால் வருகிற சக்திக்குச் சமம். அதாவது மூன்று மாடி. கார் எதிலாவது மோதி நிற்கும்போது 20 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பின் 20 மடங்குக்கு, உதறினால், 22 கிலோ பெட்டி சில கணங்களுக்கு 440 கிலோ பாரத்தின் விசையோடு முன்னுக்குத் தள்ளும். பாரம் கூடியதால் பெட்டி அசையாது என்று சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பாரம் கூடக்கூடத் தள்ளும் விசையும் அதே அளவில் கூடும்.

பின் சீற் தாங்காதா என்று கேட்பீர்கள். சீற்றின் உறுதிக்கு ஐ.நா. வாகன ஒழுங்குவிதி 17 என்று ஒன்று இருக்கிறது. அதில் 18 கிலோக் கட்டைகள் இரண்டைச் சீற்றுக்குப் பின்னால் வைத்து, 50 கிலோமீற்றர் வேகத்து மோதலுக்குச் சமமாக உதறிப் பார்க்கிறார்கள். சீற் அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் ஓரளவு முன்னுக்கு வளைய அந்த விதி இடம் கொடுக்கிறது. சோதனையில் தேறிய புதுச் சீற்றே வளையும் என்றால், பல வருடம் ஓடி, பூட்டு தளர்ந்து ஆடுகிற, இரண்டு துண்டாக மடிகிற 60/40 சீற்றை நம்பி 22 கிலோவை விட்டுவைக்க முடியாது. வளைகிற சீற் போய் முட்டுவது பிள்ளையின் முதுகில்.

ஆகவே ஒரு விஷயம் முக்கியம்: பெட்டிக்கும் சீற்றுக்கும் இடையில் வெளி விடக்கூடாது. கார் நிற்கும்போது பெட்டி அந்த வெளியில் தன் வேகத்திலேயே போய் சீற்றில் அடிக்கும். முதலில் இருந்தே சீற்றோடு ஒட்டியிருந்தால் அந்த அடி இல்லை, அழுத்தம் மட்டும்தான். பெட்டியின் உயரமும் சீற் முதுகின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஹேட்ச்பேக் காரில் தடுக்க ஒன்றும் இல்லை. சீற்றின் ஒரு பாதியை மடித்துப் போட்டுப் பெட்டியோடு ஓடவே கூடாது.

வெள்ளவத்தை_விட்ஸ்

நன்றி அக்கா. மூன்று மாடிக் கணக்கைப் பார்த்த பிறகு பெட்டியை இறக்கி வீட்டில் வைத்துவிட்டேன், பூட்டிய பிறகுதான் ஏற்றுவேன்.

டிக்கியைத் துழாவிப் பார்த்தேன். பக்கச் சுவரில் பிளாஸ்டிக் கொழுவி இரண்டு இருக்கிறது. தரைப் பலகையைத் தூக்கினால் ஸ்பெயர் சில்லு, அதன் நடுவில் பெரிய பிளாஸ்டிக் தலை வைத்த போல்ற். சீற்றின் அடியில் இரண்டு பக்கமும் பிணைச்சல் தகடு தெரிகிறது, தடித்த போல்ற் போட்டிருக்கிறது. இவற்றில் எதில் கட்டலாம்?

பஞ்சிகாவத்தையான்

பக்கக் கொழுவி மரக்கறிப் பையைத் தொங்கவிட. அதை மறந்துவிடுங்கள்.

ஸ்பெயர் சில்லின் போல்ற்தான் சுகமான வழி. அந்தப் பிளாஸ்டிக் தலையைக் கழற்றி, அதே மரையில் நீளமான மரைக்கம்பி ஒன்று போடுங்கள். சில்லை அமத்த ஒரு நட்டும் பெரிய வாசரும். அதற்கு மேலே டிக்கித் தரையின் அளவுக்கு வெட்டிய 18 மி.மீ பிளைவூட் பலகை. கம்பி பலகையூடாக மேலே வரும், அதில் கைப்பிடி நட் போட்டு இறுக்கலாம். பெட்டியைப் பலகையோடு எல் தகடு வைத்துப் பூட்டிவிடுங்கள். காற்றுப் போனால் கைப்பிடியைச் சுழற்றிப் பலகையையும் பெட்டியையும் ஒன்றாகத் தூக்கலாம். காரில் ஒரு ஓட்டையும் இல்லை. நிறையப் பேருக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

தெஹிவளை_எஞ்சினியர்

அண்ணா, பலகை யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கம்பியை மட்டும் நம்ப முடியாது. ஸ்பெயர் சில்லின் மரை குழியின் அடித்தகரத்தில் இருக்கிறது. பலகை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில். மோதலில் பெட்டி பலகையை முன்னுக்குத் தள்ளும்போது விசை கம்பியின் உச்சியில் விழும், பிடிப்போ அதன் அடியில். கம்பி வளையும், இல்லாவிட்டால் அடித்தகரம் கிழியும். அந்த மரையை வைத்தவர்கள் சில்லு துள்ளாமல் இருக்கத்தான் வைத்தார்கள். அது மேல்நோக்கிய இழுவையைத் தாங்கும். பக்கவாட்டில் 440 கிலோவைத் தாங்கும் வேலை அதனுடையது அல்ல.

பஞ்சிகாவத்தையான்

அது நியாயம். அப்படியானால் கம்பியை மேல்நோக்கிய பிடிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பலகையின் பின் மூலைகள் இரண்டிலும் தரைத் தகரத்தோடு 8 மி.மீ போல்ற் போடலாம். போல்ற்றின் தலையில் 8.8 என்ற உறுதித் தர எண் இருக்க வேண்டும். தகரத்துக்கு அடியில் சும்மா வாசர் வேண்டாம். 3 மி.மீ இரும்புத் தகட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் நட்டை வெல்டிங் பண்ணி வையுங்கள். மெல்லிய தகரத்தில் சின்ன வாசர் போட்டால் அடிபடும்போது போல்ற் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பெரிய தகடு அந்த விசையைப் பரவலாக்கும். நட் தகட்டோடு ஒட்டியிருப்பதால் காருக்கு அடியில் போகாமலே மேலே நின்று ஒரு ஸ்பானரால் கழற்றலாம். ஸ்பெயர் சில்லுப் பிரச்சினையும் அதோடு தீரும்.

நீர்கொழும்பு_நீலம்

ஓட்டை போடுகிறவர்கள் கவனிக்க. என் காரில் ஒரு கடை தரைத் தகரத்தில் தானே மரை வெட்டும் ஸ்குரூ ஆணிகளைக் கண்டபாட்டுக்கு இறக்கியிருந்தது. வர்ணமும் பூசவில்லை, சிலிக்கனும் வைக்கவில்லை. கடற்காற்றும் மழைத்தண்ணீரும் போதாதா? ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கறள் பிடித்து, தகரம் பிஸ்கட் போல உதிர்ந்துவிட்டது. ஸ்பெயர் குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. ஆணிகளும் கையால் இழுக்க வந்தன.

துளைத்த பிறகு இரும்புத் தூள் முழுவதையும் எடுத்துவிடுங்கள், அது கிடந்தால் வேறு இடத்திலும் கறள் கட்டும். துளையின் விளிம்புக்குப் பிரைமர், பிறகு வர்ணம், போல்ற் போடும்போது மேலும் கீழும் சிலிக்கன். வெள்ளவத்தையும் கடற்கரைதான், இதில் அசட்டை வேண்டாம்.

தெஹிவளை_எஞ்சினியர்

இன்னொன்று: துளைக்கு முன் காரைத் தூக்கி அடியில் வடிவாகப் பாருங்கள். பெற்றோல் தாங்கி, பிரேக் குழாய், சைலன்சர், வயர்க் கட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. விட்ஸில் தாங்கி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது, ஆகவே சீற்றுக்குக் கிட்டத் துளைக்கவே வேண்டாம். ட்ரில் அலகில் ஒரு துண்டு ரேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தகரம் துளைந்ததும் அலகு உள்ளே பாயாது.

சீற் பிணைச்சல் போல்ற்றைப் பற்றிக் கேட்டீர்கள் தம்பி. அது காரில் உள்ள நல்ல உறுதியான இடங்களில் ஒன்று. அந்தப் போல்ற்றுக்கு அடியில் வளையம் உள்ள இரும்புக் காது ஒன்றை வைத்துத் திரும்ப இறுக்கலாம். காதின் தடிப்பு அளவுக்குப் போல்ற் குறுகிவிடும் என்பதால் அதே மரையில், அதே அல்லது கூடிய தரத்தில், கொஞ்சம் நீளமான போல்ற் வாங்குங்கள். ஆனால் சீற் பெல்ற் பூட்டிய போல்ற்றைத் தொடவே வேண்டாம். சில கார்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெல்ற் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் இருக்கைக்கு மேல்வார் கொழுவும் இடம் இருந்தால் அதுவும் பிள்ளைகளுக்கு மட்டும்.

வெள்ளவத்தை_விட்ஸ்

சரி, காது வைத்து ராச்செட் பெல்ற் போடலாம் என்று நினைக்கிறேன். பெட்டிக்கு மேலால் ஒன்று போட்டால் போதுமா? எந்த பெல்ற் வாங்குவது?

பஞ்சிகாவத்தையான்

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார்களில் கேட்டால் எல்லா அளவிலும் எடுத்துப் போடுவார்கள். விலையைப் பார்த்து வாங்காதீர்கள், லேபலைப் பாருங்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்த பெல்ற்றில் நீல லேபல் இருந்தால் பொலியெஸ்ரர், பச்சை நைலோன், மண்ணிறம் பொலிபுரொப்பிலீன். நைலோன் பாரத்தில் நீளும். உங்களுக்கு நீலம்தான் சரி. அதில் எல்சி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் பிடிப்பின் அளவு. 500 என்றால் ஏறக்குறைய 500 கிலோ. லேபலே இல்லாத பெல்ற்றை மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்ட வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கயிறு, கொக்கி வைத்த பஞ்ஜி வகை எல்லாம் இந்த வேலைக்கு இல்லை. அது இழுபடுவதற்கென்றே செய்தது.

தெஹிவளை_எஞ்சினியர்

மேலால் ஒன்று போதாது. மேலால் போடும் பெல்ற் பெட்டியைக் கீழே அமத்தும், அவ்வளவுதான். முன்னுக்குப் போகாமல் தடுப்பது அடியில் உள்ள உராய்வு மட்டும். உங்களுக்குப் பலகையும் பின் போல்ற்றும் அந்த வேலையைச் செய்வதால், பெல்ற்றின் வேலை பெட்டியைச் சீற்றோடு ஒட்ட வைத்திருப்பதும் கார் உருண்டால் மேலே எழும்பாமல் பிடிப்பதும்தான். இரண்டு காதிலும் இருந்து புறப்பட்டு, பெட்டியின் மேலும் பின்புறமும் குறுக்கும் மறுக்குமாக வந்து, பலகையின் பின் மூலை போல்ற்றில் முடியட்டும்.

பலகையும் போல்ற்றும் இல்லாமல் பெல்ற் மட்டும் கட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் பெட்டியின் முன்முகத்தைச் சுற்றி, அதாவது பெட்டிக்கும் சீற்றுக்கும் இடையால் விட்டு, டிக்கியின் பின்பக்கத்து வளையங்களில் இழுத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் பெல்ற் முன்னோக்கிய விசையை நேரே எதிர்க்கும்.

மட்டக்குளி_மரவேலை

பெட்டிப் பக்கத்தையும் ஒருக்கால் கதைப்போம், எல்லோரும் காரையே பார்க்கிறீர்கள். எல் தகட்டை எம்டிஎப்பில் மர ஆணியால் பூட்டினால் வேலை வீண். எம்டிஎப்பின் விளிம்பில் ஆணி இறக்கினால் பலகை ஏடு ஏடாகப் பிளக்கும். முகப்பில் இறக்கினாலும் சப்பின் அதிர்வில் நாளடைவில் தூளாகித் தளரும்.

சப்பைக் கழற்றுங்கள், கை உள்ளே போகும். தகடு வருகிற இடத்தில் உள்ளே ஒரு பிளைவூட் துண்டைப் பசையோடு ஒட்டி, அதற்கு உள்ளிருந்து 6 மி.மீ டீ நட் (பலகைக்குள் பதிகிற, பல் வைத்த நட்) அடியுங்கள். வெளியே இருந்து போல்ற்றும் ஸ்பிரிங் வாசரும் போட்டு இறுக்கலாம். ஒவ்வொரு துளையிலும் சிலிக்கன் வையுங்கள். காற்றுக் கசிந்தால் பாஸ் விழும்போது பெட்டி சீழ்க்கை அடிக்கும், காற்றுத் துவாரம் இல்லாத சீல் பெட்டி என்றால் சப்பின் கட்டுப்பாடும் குறையும். மேலே நட் வரும் இடங்களில் நைலோன் வளையம் வைத்த நட் போடுங்கள், அதிர்வுக்குக் கழராது. தகடு 3 மி.மீ தடிப்புக்குக் குறையாமல் பாருங்கள். அலுமாரிக்குப் போடும் மெல்லிய தகடு கையாலேயே வளையும்.

பெல்ற் போகிற மூலைகளில் பழைய ரயர்த் துண்டு வையுங்கள். கூரான பலகை விளிம்பு பெல்ற்றை அரிக்கும். சப்பின் கூம்புக்கு முன்னால் பெல்ற் வரவே கூடாது.

பழைய_கரோலா

இவ்வளவையும் வாசித்த பிறகு நானும் பெல்ற் போடப் போகிறேன். என்னுடையது செடான், டிக்கிக்குள் உலோக வளையங்கள் இருக்கின்றன. அம்ப்பைப் பெட்டியின் முதுகில் பூட்டியிருக்கிறேன், அது பரவாயில்லையா?

பஞ்சிகாவத்தையான்

பெட்டியின் அதிர்வு முழுவதும் அம்ப்புக்குப் போகும், உள்ளே ஈயப் பற்று வெடிக்கும். வேறு ஒரு பலகையில் பக்கமாகப் பூட்டுங்கள்.

அதைவிட முக்கியம் வயர். பற்றரியில் இருந்து வரும் வயருக்குப் பியூஸ் எங்கே இருக்கிறது? பற்றரி முனையில் இருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பெட்டி நகர்ந்து அந்த வயரை ஒரு தகர விளிம்பில் வைத்து நசித்தால், பியூஸ் அம்ப்புக்குக் கிட்ட இருந்து ஒரு பயனும் இல்லை. முழு வயரும் அடுப்புக் கம்பியாகச் சிவக்கும். பெட்டிக்குப் போகும் ஸ்பீக்கர் வயரில் கழற்றக்கூடிய பிளக் ஒன்று வைத்தால் ஸ்பெயர் எடுக்கும்போது மழையில் நின்று வயர் பிடுங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தை_விட்ஸ்

வேலை முடிந்தது. எல்லோருக்கும் பெரிய நன்றி. துளைத்தது கராஜில், காரை ஹொயிஸ்ற்றில் ஏற்றி. நான் குறித்து வைத்த இடங்களில் ஒன்றுக்கு நேரே அடியில் சைலன்சரின் ரப்பர்த் தாங்கி இருந்தது. கீழே நின்று பார்த்ததால் துளையை நாலு விரல்கடை தள்ளிப் போட்டோம்.

இப்போது பெட்டி சீற்றோடு ஒட்டி நிற்கிறது. இடையில் ஒரு கடதாசி கூட நுழையாது. பலகைக்கு அடியில் மெல்லிய ரப்பர்ப் பாய் விரித்தேன், பழைய கிறுகிறுச் சத்தமும் நின்றுவிட்டது. பெட்டியின் மூலையில் கை வைத்துத் தள்ளினால் கார்தான் ஆடுகிறது. கிழமைக்கு ஒரு தடவை பெல்ற்றை இழுத்துப் பார்க்கிறேன். முதல் கிழமையில் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ராச்செட்டை ஒரு பல் ஏற்றினேன்.

தெஹிவளை_எஞ்சினியர்

நல்ல வேலை தம்பி. கார்ப்பெட்டும் ரப்பரும் அமுங்கும் என்பதால் முதலில் தளர்வது வழமைதான். போல்ற்றுகளையும் ஒரு மாதம் ஓடிய பிறகு திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_பிட்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஹொண்டா பிட் ஹைபிரிட். இதே பலகையும் போல்ற்றும் முறையை என் டிக்கியிலும் செய்யலாமா? தரையைத் தூக்கினால் ஸ்பெயர் சில்லு இல்லை.

தெஹிவளை_எஞ்சினியர்

வேண்டாம். தரையில் ஒரு துளையும் போட வேண்டாம். பிட் ஹைபிரிட்டில் பெரிய பற்றரி இருப்பதே டிக்கித் தரைக்கு அடியில். வெசல் ஹைபிரிட்டிலும் அப்படித்தான். 100 வோல்ற்றுக்கு மேல் ஓடுகிற அந்தப் பற்றரிக்குள் ட்ரில் அலகு போனால் கார் மட்டுமல்ல, துளைக்கிறவரின் உயிரும் போகலாம். செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் கை வைக்காதீர்கள். அக்குவாவில் பற்றரி பின் சீற்றுக்கு அடியில், முப்பதாம் இலக்க (மூன்றாம் தலைமுறை) பிரியஸில் பின் சீற்றுக்குப் பின்னால். எந்த ஹைபிரிட் என்றாலும் முதலில் பற்றரி எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது: 12 அங்குலத்தை விட்டுவிட்டு, சின்ன, பாரம் குறைந்த பெட்டி ஒன்று எடுங்கள். 15 மி.மீ பிளைவூட்டில் அடித்த 8 அங்குலப் பெட்டி பாதிப் பாரமும் வராது. சீற்றோடு ஒட்ட வைத்து, சீற் பிணைச்சல் போல்ற்றில் காது வைத்தும், காரோடு வந்த உலோக வளையங்கள் இருந்தால் அவற்றிலும், பெல்ற்றால் மட்டும் கட்டுங்கள். பற்றரிக்குக் காற்று எடுக்கும் துவாரம் எங்கே என்று காரின் கைநூலில் பார்த்து, பெட்டியோ கார்ப்பெட்டோ அதை மூடாமல் வையுங்கள். மூடினால் பற்றரி சூடேறிக் கெடும், கொழும்பு வெயிலில் அது கெதியாக நடக்கும்.

கொட்டாஞ்சேனை_பிட்

விளங்கிவிட்டது அக்கா. மரவேலை அண்ணா, 8 அங்குலத்துக்கு 15 மி.மீ பிளைவூட்டில் ஒரு பெட்டி அடித்துத் தருவீர்களா? சீற் முதுகின் சாய்வை அளந்து அனுப்புகிறேன்.

மட்டக்குளி_மரவேலை

அனுப்புங்கோ தம்பி. அடிப்பக்கத்தில் இருந்து உச்சி வரைக்கும் மூன்று இடத்தில் அளவு எடுங்கோ, ஒரு இடத்தை மட்டும் வைத்து வெட்டினால் சீற்றோடு ஒட்டாது. பெல்ற் போக மேலே ஒரு தவாளிப்பும் வெட்டித் தருகிறேன், வழுக்காது.